தொந்தி களையும் சஸ்திரத்தின் சரித்திரம்

உரோமாபுரியில் முதல் நூற்றாண்டில் வாழ்ந்து, 79-ஆம் ஆண்டில் வெஸூவியஸ் எரிமலை பொங்கியபோது அதன் அருகே உயிர் நீத்தவரான மூத்த பிளினி என்னும் அறிஞர், பிராணிகளின் கொழுப்பைப் பற்றி விஸ்தாரமாக எழுதிக்கொண்டு போகிற இடத்தில், லூசியஸ் அப்ரோனியஸ் என்ற பிரமுகருடைய மகனின் தேகத்திலிருந்து கொழுப்பை அறுத்தெடுத்து, அசைய முடியாத பாரத்திலிருந்து அவனை விடுவித்தார்கள் என்று ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுகிறார். அறுத்தவர் யார், அறுபட்டவன் பிறகு எத்தனை நாள் உயிரோடிருந்தான் என்பதெல்லாம் அவருக்கு அவசியமாகத் தோன்றவில்லை. யூதர்களின் தல்மூத் நூலிலோ, சிமியோனின் புதல்வரான ரப்பி எலயாசர் என்ற ஸ்தூல சரீரிக்கு நித்திரை மருந்து கொடுத்து, சலவைக்கல் வீடொன்றுக்குள் கொண்டுபோய், வயிற்றைக் கீறிக் கூடை கூடையாகக் கொழுப்பை எடுத்துக் கோடை வெயிலில் வைத்தார்கள் என்றும், அவருடைய நேர்மையின் மகிமையால் அது அழுகவே இல்லை என்றும் ஒரு கதை இருக்கிறது. வெயிலில் வைத்த கொழுப்பு அழுகிற்றா என்று விசாரித்தவர்கள், கீறிய வயிறு அழுகிற்றா என்று விசாரிக்கவில்லை. நம்முடைய விசாரணை முழுவதும் அந்தக் கீறிய வயிற்றைப் பற்றியது. நம்மவர்கள் எதற்கும் சுச்ருதரைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கமாகையால் அதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அறுந்த மூக்கையும் கிழிந்த காதுமடலையும் ஒட்டுவதற்கு வழி சொன்ன அந்த மகானுபாவர், ஸ்தௌல்யம் என்ற உடற்பருமனுக்கு வாற்கோதுமை, பாசிப்பயறு போன்ற ஆகாரத்தையும் தேகப்பயிற்சியையும் சில மருந்துகளையும் விதித்தாரே தவிர, கத்தியை விதிக்கவில்லை.

இன்று விளம்பரங்களில் ‘டம்மி டக்’ என்றும், ஆஸ்பத்திரிக் குறிப்பேடுகளில் அப்டாமினோபிளாஸ்டி என்றும் வழங்குகிற சிகிச்சையாவது, அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பின் முனையிலிருந்து மற்றதன் முனை வரையில் குறுக்கே கீறி, தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் தசைப் பரப்பின் மேலிருந்து விலா எலும்பு மட்டும் பிரித்துத் தூக்கி, பிரசவங்களாலோ பருமனாலோ நடுவே விலகித் தளர்ந்த நெடுந்தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்து, தூக்கிய தோலைக் கீழே இழுத்து மிகுதியை வெட்டி நீக்கி, தொப்புளுக்குப் புதிய இடத்தில் ஒரு துவாரம் செய்து, மூடித் தைத்துவிடுவது. சொல்ல ஒரு வாக்கியம் போதும். செய்வதற்குச் சில மணி நேரம் ஆகும். சிகிச்சை இந்த உருவத்துக்கு வந்து சேர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. அந்த எண்பது ஆண்டுகளையும் அதற்கு அப்பாலும் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று புலனாகும். இதில் நேர்ந்த மாறுதல்களில் அழகை நாடி வந்தவை சில. முந்திய முறை விளைவித்த உபத்திரவத்துக்கு அஞ்சி வந்தவையே அநேகம். அப்படி வந்த மாறுதலோ தன் பங்குக்கு வேறோர் உபத்திரவத்தையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்தது.

1846-இல் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதர் மயக்கத்தைப் பகிரங்கமாகச் செய்து காட்டியதும், 1867-இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் காக்கும் தம் முறையை வெளியிட்டதும் ஆகிய இவ்விரண்டும் நடந்திராவிட்டால், உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு குறைக்காக வயிற்றுத் தோலைக் கீறத் துணிந்த வைத்தியரை யாரும் கொலைகாரர் என்றே சொல்லியிருப்பார்கள். இவை நடந்து ஒரு தலைமுறை கழிந்தபின், 1890-இல், டிமார்ஸ், மார்க்ஸ் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் வயிற்றிலிருந்து தோலும் கொழுப்புமாக ஒரு பெருந்துண்டத்தை அறுத்தெடுத்த செய்தி வெளியாயிற்று. ஆனாலும் இந்தச் சிகிச்சைக்கு ஒரு கௌரவத்தைத் தந்தவர் என்று சொல்ல வேண்டியவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஸ்திரீ ரோக சிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய ஹோவர்ட் கெல்லி. ஆஸ்லர், ஹால்ஸ்டெட், வெல்ச் ஆகியோருடன் அந்த ஸ்தாபனத்தின் நான்கு பெருந்தூண்களில் ஒருவராக எண்ணப்பட்ட இவர், பைபிளில் அபாரமான பக்தியும், பாம்புகளிடத்திலும் காளான்களிடத்திலும் அதற்குச் சற்றே குறைந்த பிரியமும் உடையவர். கருப்பைக் கட்டிகளுக்காக வயிற்றைத் திறந்து திறந்து பழகியவராகையால், திறக்கும் வழியில் குறுக்கே நிற்கும் கொழுப்பை அவர் தினந்தோறும் பார்த்தவர்.

1899-இல் கெல்லி ஒரு பெண்மணியின் வயிற்றிலிருந்து எடுத்த துண்டத்தின் அளவை அவர் குறித்து வைத்திருக்கிறார்: நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 31 சென்டிமீட்டர், கனம் 7 சென்டிமீட்டர், எடை 7,450 கிராம். பச்சைக் குழந்தைகள் இரண்டின் எடைக்கும் அதிகமான அந்தப் பாரம் தொடைமேல் தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவள் நடந்தது எப்படி, குனிந்தது எப்படி, மடிப்புக்குள்ளே வியர்த்துப் புண்ணாகும் தோலைச் சுத்தம் செய்தது எப்படி என்று நினைத்துப் பார்த்தால், இந்தச் சிகிச்சையின் பிறப்பில் சௌந்தர்ய ஆசைக்குப் பங்கில்லை என்பது விளங்கும். துண்டத்தோடு தொப்புளும் போயிற்று; அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் சீழைப் பற்றியது. கொழுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கத்தியும் இடுக்கியும் பட்டு நசுங்கிய கொழுப்பு எண்ணெயாகக் கரைந்து தையலுக்கு அடியில் தேங்கினால், கிருமிகளுக்கு அதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை. பெனிசிலின் வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அக்காலத்தில், வைத்தியர் கைவசமிருந்த ஆயுதங்கள் சுத்தமும் வேகமுமே. ஆகவே அடியிலுள்ள தசையிலிருந்து தோலை அதிகமாகப் பிரிக்காமல், வேண்டாததை ஆரஞ்சுச் சுளைபோல் இரு பக்கமும் சரித்து வெட்டியெடுத்து, உடனே மூடிவிடுவது அவர்கள் முறை. தோற்றத்துக்கு அது அழகாயிராது. ஆனால் உரிக்காத தோலுக்கு அதன் இரத்தக் குழாய்கள் அப்படியே இருந்தன என்பதையும், பின்வந்தவர்கள் அடைந்த துன்பங்களில் பாதி இவர்களுக்கு இல்லாமற்போனது அதனாலேதான் என்பதையும் மறக்கலாகாது.

இதன்பின் இருபது ஆண்டுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆளுக்கொரு திசையில் கீறிப் பார்த்தார்கள். குறுக்கே கீறியவர் உண்டு, நெடுக்கே கீறியவர் உண்டு. ஜெர்மனியில் வைன்ஹோல்ட் என்பவர் மூவிலை வடிவமாகக் கீறினார். அந்தக் கோடுகளையெல்லாம் இங்கே வரைந்து காட்டுவதால் பயனில்லை. ஒருவரை மாத்திரம் நின்று பார்க்க வேண்டும். 1916-இல் பிலடெல்பியா நகரத்து வேய்ன் பாப்காக், கொழுப்பை எடுத்தால் மட்டும் போதாது, தளர்ந்த வயிற்றுச் சுவரையும் பலப்படுத்த வேண்டும் என்று கருதி, தசைகளுக்கிடையே வெள்ளிச் சங்கிலியைப் புதைத்துத் தைத்ததைப் பிரசுரம் செய்தார். நகைக் கடையில் இருக்க வேண்டிய பொருளை நோயாளியின் வயிற்றுக்குள் வைத்த அந்த யோசனை விசித்திரமாகத் தோன்றினாலும், பிற்காலத்துத் தசைத் தையலுக்கும் வலைப் பின்னலுக்கும் அதுவே பாட்டன் முறை. அதே 1916-ஆம் ஆண்டில் பால்டிமோரில் நடந்த இன்னொரு காரியத்துக்கு இந்தக் கதையில் பெரிய ஸ்தானம் உண்டு. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

தொப்புளைப் பற்றிய கவலை முதலில் பிரான்சு தேசத்திலேதான் தோன்றியது. 1905-இல் கோதே, மொரெஸ்தேன் என்பவர்கள் தொப்புளை அழிக்காமல் சிகிச்சை செய்ததைத் தெரிவித்தார்கள். ஹங்கேரியில் பிறந்து சிகாகோவில் குடியேறிய மாக்ஸ் தோரெக், 1920-களில் தொப்புளைக் காக்கும் முறையை வற்புறுத்தியதோடு, 1942-இல் மார்பகத்தையும் வயிற்றுச் சுவரையும் சீரமைப்பது பற்றி ஒரு தனி நூலே எழுதினார். ஆயினும் தோலை நெடுந்தூரம் கீழே இழுக்கும்போது தொப்புளும் கூடவே இறங்கிவிடுமே என்ற சங்கடத்துக்குச் சரியான தீர்வு, 1957-இல் சிட்னி வெர்னன் எழுதிய கட்டுரையிலேதான் வந்தது. தொப்புளைச் சுற்றி வட்டமாகக் கீறி, அதன் காம்பு வயிற்றுச் சுவரோடு இருக்கிறபடியே விட்டுவிட்டு, தோலை மட்டும் அதன்மேலாக இழுத்துக்கொண்டு போய், எந்த இடத்தில் தொப்புள் அடியிலே முட்டுகிறதோ அந்த இடத்தில் புதிய துவாரம் செய்து அதை வெளியே எடுத்துத் தைப்பது அவர் முறை. தொப்புள் நகர்வதில்லை, அதைச் சுற்றியுள்ள உலகமே நகர்கிறது. இதிலும் ஓர் அபாயம் மறைந்திருந்தது. வட்டமாகக் கீறியவுடன் சுற்றுத் தோலிலிருந்து வரும் இரத்தம் நின்றுபோய், காம்பு வழியாக வருவது ஒன்றே மிச்சமாகிறது. காம்பு நீண்டிருந்தாலோ, தசைத் தையல் அதைச் சுற்றி இறுக்கிவிட்டாலோ, முன்பு தொப்புள் குடலிறக்கத்துக்கு அறுவை நடந்திருந்தாலோ, நாலைந்து நாளில் தொப்புள் நீலமாகிக் கறுத்து உதிர்ந்துவிடுவதும் உண்டு.

இதுவரையில் பாரத்தைக் குறைக்கவும் குடலிறக்கத்தைச் சரிசெய்யவும் நடந்த சிகிச்சைக்கு, சௌந்தர்யமே தனிப் பிரயோஜனம் என்ற நிலை வந்த ஊர் ரியோ டி ஜெனீரோ. 1946-இல் பாரிஸில் லூயி ரேயார் என்பவர் இரண்டு துண்டுக் குளியலுடைக்குப் பிக்கினி என்று பெயர் சூட்டி வெளியிட்ட பிறகு, உடலின் மறைவிடம் என்பதன் எல்லை வெகுவாகச் சுருங்கிவிட்டது. கடற்கரையே வாசஸ்தலம் போல் விளங்கிய ரியோ நகரத்தில் அந்த எல்லைக்குள் அடங்குகிற தழும்பே விற்பனையாகும் தழும்பாயிற்று. அந்நகரத்து வைத்தியரான இவோ பிட்டாங்கி, 1967-இல், தாம் வரிசையாகச் செய்த 300 வயிற்று அறுவைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, கீறலைத் தாழ்த்தி உடைக்குள் மறைப்பதையும், தசையைத் திறக்காமலே மடித்துத் தைப்பதையும் உலகத்தின் வழக்கமாக்கியது. இவரை ராணிகளுக்கும் நடிகைகளுக்கும் வைத்தியர் என்று மட்டும் நினைப்பது அநியாயம். 1961 டிசம்பரில் நித்தெரோய் நகரத்துச் சர்க்கஸ் கூடாரம் பற்றியெரிந்து சில நூறு பேர் மாண்டபோது தீப்புண் பட்டவர்களிடையே அயராமல் உழைத்தவர் அவர்; சாந்தா காசா தர்ம ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கென்று தனி வார்டு நடத்தியவரும் அவரே. ஏழைக்கும் அழகில் உரிமை உண்டு என்பது அவருடைய வாதம். அந்த வாதம் சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவருடைய கருணையில் சந்தேகமில்லை.

தழும்பைத் தாழ்த்தியதற்குக் கொடுத்த விலையை உடற்கூற்றறிஞர்கள் பிற்பாடு கணக்கிட்டார்கள். கீறல் கீழே போகப் போக, தோலை மேலே விலா வரையில் உரிக்க வேண்டியதாகிறது. உரிக்கும்போது நடுவயிற்றுத் தசையைத் துளைத்துக்கொண்டு தோலுக்கு வருகிற இரத்தக் குழாய்கள் எல்லாம் அறுபடுகின்றன. 1979-இல் ஹ்யூகர் என்ற வைத்தியர் வயிற்றுத் தோலை இரத்தம் வரும் வழியை வைத்து மூன்று மண்டலங்களாகப் பிரித்து, நடுமண்டலமும் கீழ்மண்டலமும் அறுபட்டபின் மிஞ்சுகிற தோல் உயிர்வாழ்வது விலாப்பக்கங்களிலிருந்து சரிந்து வரும் குழாய்களால் மட்டுமே என்று விளக்கினார். அந்தக் குழாய்களுக்கு மிகத் தொலைவிலிருப்பது எது? தொப்புளுக்குக் கீழே, நட்டநடுவில், தையல் மிக இறுக்கமாக இருக்கும் அந்த இடம். இரத்தம் கடைசியாக எட்டுமிடமும் இழுவை உச்சமாக விழுமிடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டதால், தோல் செத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான். முதலில் வெளிறும், பிறகு ஊதாநிறம் படரும், ஓரம் கறுத்துப் பொருக்காகும். பொருக்கு கழன்றபின் கீழே மஞ்சள் கொழுப்புத் தெரியும் குழி ஆறுவதற்கு வாரங்களும் மாதங்களும் பிடிக்கும். பித்தப்பைக்காக வலது விலாவின் கீழ் பழைய முறையில் நீளமாகக் கீறிய தழும்புள்ளவர்களுக்கு அந்தப் பக்கத்து வழியும் அடைபட்டிருப்பதால் பயம் அதிகம்.

புகைப்பிடிப்பவர்களுக்கு இந்த அபாயம் எத்தனை மடங்கு என்பதை 132 அறுவைகளை வைத்து ஜெர்மனியில் கணக்கிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். புண் ஆறுவதில் சங்கடம் நேர்ந்தவர்கள், புகைக்காதவரில் நூற்றுக்குப் பதினைந்து. புகைப்பவரில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பத்தெட்டு. நிகோட்டின் நுண்ணிய குழாய்களைச் சுருக்குகிறது. உள்ளவையே சில என்றிருக்கும் இடத்தில் அவையும் சுருங்கினால் தோல் எதைக் கொண்டு பிழைக்கும்? அறுவைக்கு நாலு வாரம் முன்பிருந்தே சிகரெட்டை நிறுத்தச் சொல்வதும், சில வைத்தியர்கள் சொல்லை நம்பாமல் சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பதும் இதனால்தான்.

உரித்த பரப்பு விசாலமானதால் வந்த இன்னோர் உபத்திரவம், உயிரைக் குடிப்பதில்லை ஆனாலும் பொறுமையைக் குடிப்பது. தசைக்கும் தோலுக்கும் இடையே முன்னில்லாத ஒரு வெற்றிடம் உண்டாகிறது. நிணநீர்க் குழாய்கள் அறுபட்டிருக்கின்றன. நோயாளி அசையும்போதெல்லாம் மேல் தோல் அடித்தசையின்மேல் வழுக்குகிறது. அந்த இடத்தில் வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் ஊறித் தேங்குவதைச் சீரோமா என்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் மிகச் சாதாரணமாக வருகிற தொல்லை இதுவே. அடிவயிற்றின் இருபுறமும் ரப்பர்க் குழாய்களைச் செருகி, அவற்றின் நுனியில் அமுக்கி வைத்த சிறு குமிழ்களால் நீரை உறிஞ்சச் செய்து, நாளொன்றுக்கு எத்தனை மில்லி லிட்டர் என்று தாதிகள் எழுதி வைப்பார்கள். அளவு முப்பதுக்குக் கீழே வந்தால் குழாயை எடுப்பார்கள். எடுத்த ஒரு வாரத்தில், விரலால் ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை எழும்பும்படி மீண்டும் நிரம்பிக்கொள்வதும் உண்டு. ஊசியால் உறிஞ்ச வேண்டும். மீண்டும் வந்தால் மீண்டும் உறிஞ்ச வேண்டும். பல வாரம் கவனியாமல் விட்டால் அந்த வெற்றிடத்துக்கு வழவழப்பான உட்சுவர் ஒன்று முளைத்து, பை போலாகிவிடும். பிறகு அந்தப் பையையே அறுத்தெடுத்தாலொழிய நீர் நிற்காது.

இதற்குப் பரிகாரம் சொன்னவர்கள் மூவகையினர். பிரேசிலில் பரூதி 1990-களில் தோலின் அடிப்புறத்தை வரிசை வரிசையாகத் தசையோடு சேர்த்துத் தைத்து வெற்றிடமே இல்லாமல் செய்யச் சொன்னார். டெக்ஸாஸ் மாகாணத்தின் டாலஸ் நகரத்துப் பொல்லாக் என்ற இருவர், 2000-இல், ஒவ்வொரு தையலாகக் கீழே இறக்கி இழுவையைப் பங்கிட்டுக் கொடுத்தால் தோல் செத்துப்போவதும் குறைகிறது, நீர் தேங்குவதும் குறைகிறது, குழாயே வேண்டியதில்லை என்று காட்டினார்கள். பிரேசிலின் சல்தானா 2001-இல் வேறு வழி காட்டினார்: கொழுப்பை உறிஞ்சுகுழாயால் முதலில் இளக்கிவிட்டு, நடுவே ஒரு குறுகிய சந்து மாத்திரம் பிரித்து, பக்கங்களை உரிக்காமலே தோலைச் சறுக்கி இறக்குவது. போர்த்துகல்லின் போர்ட்டோ நகரத்தாரோ, அடிவயிற்றில் ஸ்கார்ப்பா படலம் என்ற மெல்லிய ஏட்டையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் நிணநீர்க் குழாய்களோடு அப்படியே விட்டு மேலுள்ளதை மட்டும் எடுத்தால் நீர் வெகுவாகக் குறைகிறது என்றார்கள். கூர்ந்து நோக்கினால், இவர்கள் எல்லோரும் அழகுக்காகப் பரந்து சென்ற கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு அழைத்து வந்தவர்கள். கெல்லியின் காலத்து உரிக்காத தோலை நோக்கித்தான் எல்லோரும் திரும்பி நடந்தார்கள்.

சில்லறை உபத்திரவங்கள் பல. தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே, மரமரப்பு இருக்கும்; இடுப்பெலும்பின் முனையருகே தொடைக்குப் போகும் நரம்பில் தையல் பட்டுவிட்டால் வெளித்தொடை எரியும்; கீறலின் இரு கோடிகளிலும் தோல் கூம்பி நிற்கும். நம்மைப் போன்ற கருநிறத்தாருக்கு முக்கியமானது, தழும்பு தடித்துச் சிவந்து எல்லை மீறி வளரும் கீலாய்டு. காது குத்தின இடமோ தடுப்பூசி போட்ட இடமோ முன்பு அப்படித் தடித்திருந்தால், இரண்டடி நீளக் கீறலுக்கு இசைவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது புத்திசாலித்தனம்.

தோலில் நிகழ்வது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்வது என்ன என்பதை முதன்முதலில் பெரிய அளவில் விசாரித்தவர்கள் கலிபோர்னியாவின் கிரேஸரும் பாஸ்டனின் கோல்ட்வினும். இவர்கள் வைத்தியர்களுக்கு வினாத்தாள் அனுப்பி, 10,490 அறுவைகளின் விவரத்தைத் திரட்டி, 1977-இல் பிரசுரித்தார்கள். தம் கையால் நேர்ந்த கெடுதியைத் தாமே எழுதி அனுப்பச் சொன்னால் எத்தனை பேர் முழு உண்மையையும் எழுதுவார்கள் என்பது வேறு விஷயம். அப்படி ஒப்புக்கொண்ட அளவிலேயே, காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்தவர் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல், அந்த உறைவு பிய்ந்து நுரையீரலுக்குப் போனவர் நூற்றுக்கு முக்கால் பங்குக்குச் சற்று மேல், இறந்தவர் பதினேழு பேர் என்று தெரியவந்தது. நோயற்ற உடலோடு நடந்து வந்து மேஜைமேல் படுத்தவர்களில், அறுநூற்றுச் சொச்சத்துக்கு ஒருவர் வீதம் திரும்பவில்லை.

ஏன் இந்தச் சிகிச்சையில் மட்டும் இத்தனை இரத்தக் கட்டிகள்? பெர்லினின் ருடால்ஃப் வீர்க்கோ 1856-லேயே இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் பயணம் போவதை ஆராய்ந்து எழுதிவிட்டார். இரத்தம் தேங்குதல், குழாயின் சுவர் புண்படுதல், இரத்தத்தின் உறையும் குணம் மிகுதல் என்ற மூன்று காரணங்கள் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. வயிற்று அறுவையில் மூன்றும் கூடுகின்றன. அவற்றுள் முதலாவது சிகிச்சையின் இலட்சியத்திலேயே அடங்கியிருக்கிறது. தளர்ந்த தசையை இறுக்கித் தைத்தவுடன் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கால்களிலிருந்து மேலே வரும் பெருஞ்சிரைகள் அந்த அழுத்தத்தில் நசுங்குகின்றன. தையல் பிரியாமலிருக்க நோயாளியை முழங்காலை மடக்கி இடுப்பை வளைத்துப் படுக்க வைக்கிறார்கள். எழுந்தாலும் கூன் விழுந்த கிழவியைப் போல் நடக்க வேண்டியிருப்பதால், நடக்கவே அவள் கூசுகிறாள். பிரசவமான பெண்ணின் வயிற்றைப் பழைய நூல்புடவையால் கட்டும் நம் வீட்டு வழக்கத்தை நினைவூட்டும் பெல்ட் ஒன்றையும் மேலே கட்டுகிறார்கள். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் அதுவும் சிரைகளுக்கு விரோதி. கர்ப்பத்தடை மாத்திரை, பருமன், சிகிச்சையோடு சேர்த்துக் கருப்பையையும் எடுத்துவிடலாம் என்ற ஒரே கல்லில் இரண்டு மாங்காய் ஆசை ஆகிய ஒவ்வொன்றும் கட்டிக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

முன்பு நிறுத்தி வைத்த 1916-ஆம் ஆண்டுச் செய்தியை இங்கே சொல்ல வேண்டும். பாப்காக் வெள்ளிச் சங்கிலியை எழுதிய அந்த ஆண்டில், கெல்லியின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியில் ஜே மக்ளீன் என்ற மாணவர், ஹவல் என்ற பேராசிரியரின் கீழ், இரத்தத்தை உறையச் செய்யும் சத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஈரலிலிருந்து பிரித்த ஒரு சத்து எதிர்மாறாக நடந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் பூனையின் இரத்தத்தை எடுத்து அதில் இந்தச் சத்தைக் கலந்து, பேராசிரியரின் மேஜைமேல் வைத்து, உறையும்போது சொல்லுங்கள் என்று மாணவர் கேட்டுக்கொண்டார். அது உறையவே இல்லை. ஹெப்பாரின் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தச் சத்து சுத்தமாகி நோயாளிகளிடம் வருவதற்கு டொரான்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் 1930-கள் வரை உழைக்க வேண்டியிருந்தது. அறுவைக்கு முன்பே சிறு அளவில் தோலின் கீழே கொடுத்துக் கட்டியை வராமலே தடுக்கலாம் என்பதை ஐயமற நிறுவியவர், லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய இந்திய வம்சாவளியினரான விஜய் கக்கர். 1975-இல் அவர் தலைமையில் பல நாடுகளில் 4,121 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில், ஹெப்பாரின் பெறாத பாதிப் பேரில் நுரையீரல் கட்டியால் இறந்தவர் 16. பெற்ற பாதிப் பேரில் 2.

கிரேஸரும் கோல்ட்வினும் தம் கணக்கை வெளியிட்டதற்கு இரண்டு ஆண்டு முன்பே மருந்து தயாராயிருந்தும், ஒப்பனை அறுவைக்காரர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. உரித்த தோலின் கீழே இரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் தோல் செத்துப்போகும், தழும்பு கெடும், நோயாளி கோபிப்பாள் என்ற பயம் அவர்களைத் தடுத்தது. நோயாளி கோபிப்பது நிச்சயமாகத் தெரியும். மரணமோ அடுத்த வைத்தியரிடம் நடக்கிற காரியம் போலத் தோன்றும். நம் நாட்டிலோ, ஆசியர்களுக்கு ஆழ்சிரைக் கட்டி அபூர்வம் என்ற நம்பிக்கையும் இதனோடு சேர்ந்துகொண்டது. சிகாகோவின் ஜோசப் காப்ரினி, வயது, பருமன், மாத்திரை, புற்றுநோய், குடும்பத்தில் கட்டி வந்த வரலாறு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகைக்குத் தக்கபடி மருந்தை விதிக்கும் அட்டவணையை 1991-இல் தந்த பிறகும், அதை ஒப்பனை அறுவை உலகம் தன்னுடையதாக்கிக்கொள்ள மேலும் பதினைந்து இருபது ஆண்டுகள் பிடித்தன. காலில் மாறி மாறி அழுத்தும் காற்றுறைகளை மாட்டுவதும், அன்று மாலையே நோயாளியைக் கைத்தாங்கலாக நடக்க வைப்பதும் இன்று நல்ல ஆஸ்பத்திரிகளில் நியதி.

வைத்தியர்கள் தாமாகத் திருந்தியது பாதி; நியாயஸ்தலங்களும் அரசாங்கங்களும் திருத்தியது மீதி. பாரிஸில் டூஜாரியே என்ற கீர்த்தி பெற்ற வைத்தியர், இளம்பெண்ணொருத்தியின் கால்களை மெலிதாக்க வேண்டிக் கொழுப்பைச் சுரண்டியெடுக்கப்போக, கால் அழுகி அதை வெட்டியெடுக்கும்படி ஆயிற்று. 1929-இல் முதல் நியாயஸ்தலம், ஆரோக்கியமான அங்கத்தில் அழகுக்காக மட்டும் பேராபத்தான அறுவையில் இறங்கியதே குற்றம் என்று தீர்த்தது. 1931-இல் மேல் நியாயஸ்தலம் அந்தத் தத்துவத்தைத் தளர்த்தி, ஆபத்தை நோயாளிக்கு எடுத்துச் சொல்லாததே குற்றம் என்றது. முதல் தீர்ப்பு நிலைத்திருந்தால் நாம் பேசுகிற சிகிச்சையே இருந்திராது; இரண்டாவது தீர்ப்பினால், நோயாளி கையெழுத்திடும் சம்மதப் பத்திரம் பக்கம் பக்கமாக வளர்ந்தது. 2004-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாகாணத்து மருத்துவக் கழகம், ஆஸ்பத்திரியல்லாத சொந்த அறுவைக்கூடங்களில் வயிற்றுத் தோல் அறுவையையும் கொழுப்பு உறிஞ்சுதலையும் சேர்த்துச் செய்வதைத் தொண்ணூறு நாள் நிறுத்தி வைத்தது. 2005 அக்டோபர் 23-ஆம் நாள் நைஜீரிய ஜனாதிபதியின் மனைவி ஸ்டெல்லா ஒபசாஞ்சோ, ஸ்பெயினின் மார்பெல்லா பிரதேசத்தில் வயிற்றைச் சீரமைத்துக்கொண்டபின் இறந்தார். அறுத்த வைத்தியருக்கு 2009-இல் ஓராண்டுச் சிறையும் மூன்றாண்டுத் தொழில் தடையும் விதிக்கப்பட்டன. கலிபோர்னியாவில் பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாயாரான பேராசிரியை டாண்டா வெஸ்ட், 2007 நவம்பரில், வயிற்றையும் மார்பையும் ஒரே சமயத்தில் சீரமைத்துக்கொண்ட மறுநாள் காலமானார். இருதயக் குழாய் நோயும் சிகிச்சைக்குப் பிந்திய பல காரணங்களும் சேர்ந்து மரணம் விளைந்ததாகப் பரிசோதகர் எழுதினார். அவர் பெயரால் 2009-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது: அழகுக்கான அறுவைக்கு முன் நோயாளியின் உடலைப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்பது. இதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே ஆச்சரியம்.

சட்டம் இறுகிய இடத்தில் விலையும் ஏறிற்று. ஏறிய விலை நோயாளிகளை எல்லைக்கு அப்பால் அனுப்பியது. 2003, 2004 ஆண்டுகளில் டொமினிக்கன் குடியரசின் தலைநகரான சாண்டோ டொமிங்கோவில் மலிவாக வயிற்றைச் சரிசெய்துகொண்டு அமெரிக்காவுக்குத் திரும்பிய பெண்கள் சிலருக்கு, வாரங்கள் கழித்துத் தழும்பின்மேல் சிவந்த முடிச்சுகள் எழும்பி, உடைந்து, சாதாரண மருந்துக்கு அடங்காமல் ஒழுகின. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் என்ற கிருமி அது. தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது, சாதாரண வளர்ப்புச் சோதனையில் எளிதில் அகப்படாதது, மாதக்கணக்கில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தும் மீண்டும் கத்தியை எடுத்துக் கிளறியுமே அடக்க வேண்டியது. அறுத்தவர் ஒரு நாட்டில், புண் உடைந்தது வேறு நாட்டில், எந்தத் தண்ணீரில் எந்தக் கருவியைக் கழுவினார்கள் என்று கேட்பதற்கு இடையிலே ஒரு கடல்.

2024-இல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் வெளியிட்ட அறிக்கை, அதே டொமினிக்கன் குடியரசில் 2009 முதல் 2022 வரை ஒப்பனை அறுவைக்குப் பின் இறந்த அமெரிக்கப் பிரஜைகள் 93 பேர் என்று கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு நாலு என்ற சராசரியிலிருந்து கடைசி நான்கு ஆண்டுகளில் பதின்மூன்றாக ஏறியிருந்தது. இறந்தவர்களில் 2019, 2020 ஆண்டுகளைச் சேர்ந்த சிலருடைய குறிப்புகளை விரிவாகப் பார்த்தபோது, பலருக்குப் பருமன் இருந்ததும், பலருக்கு ஒரே மயக்கத்தில் வயிறு, இடுப்பு, பிருஷ்டம் என்று பல இடங்களில் அறுவை நடந்ததும் தெரிந்தன. மரணத்துக்குக் கண்ட காரணங்களில் முதலாவது, கொழுப்பை உறிஞ்சி வேறிடத்தில் ஏற்றும் புதுமுறையோடு வந்த கொழுப்புத் துணுக்கு அடைப்பு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலான மரணங்களுக்குக் காரணம், கிரேஸரும் கோல்ட்வினும் 1977-இல் எண்ணி வைத்ததும், கக்கர் அதற்கு முன்பே மருந்து சொல்லியிருந்ததுமான அதே இரத்தக் கட்டி.